பழைய காரின் ஸ்டியரிங் ஆட்டமும் ராக் புஷ் மாற்றும் முறையும்

சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் ஒருவன் மோட்டார் காரின் உறுப்புக்களைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அதற்குக் காரணமாயிருந்த சம்பவத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

திருவண்ணாமலைக்கு அடுத்த ஒரு கிராமச் சங்கத்தில் நகைக் கடன் மனுக்களை நான் பரிசீலித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுவில் கடனின் நோக்கம் "கார் ரிப்பேர்" என்று கண்டிருந்தது. மனுதாரர் சிறு விவசாயி. பழைய மாருதி 800 வண்டி ஒன்று அவரிடம் உண்டு. அவ்வூரில் வேறு கார் கிடையாது. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி கண்டாலும், பிரசவ காலம் நெருங்கிய பெண்ணை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும், ஊரார் அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்து நிற்பது வழக்கம். ஆகவே அது ஒருவருடைய காராயினும் ஊருக்கெல்லாம் பொதுவான உதவி.

"என்ன ரிப்பேர்?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங்கில் கடகடவென்று சத்தம் வருகிறதுங்க ஐயா. ராக் முழுவதையும் மாற்றினால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் வீட்டில் இருந்த வளையலைக் கொண்டுவந்தேன்" என்றார்.

முன்னொரு முறை வேறு ஒரு பட்டறையில் அடியிலிருந்த ஒரு நட்டை முறுக்கிக் கொடுத்தார்களாம். சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் அதன்பின் ஸ்டியரிங் கனத்துப்போய்விட்டது. கிரிவலப் பாதையில் ஒரு முனையில் திரும்பியபோது, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் அப்படியே நின்றுவிட, ஓரத்தில் நடந்து சென்ற யாத்திரிகர்களுக்குச் சமீபத்தில் வண்டி சென்றுவிட்டதாம். பிரேக் பிடித்துத் தப்பினாராம். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கிற்று.

மனுவைச் சற்று நிறுத்தி வைக்கும்படி காரியதரிசியிடம் கூறி, நகரத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டச் செய்தேன். அவர் பரிசோதித்துக் கண்டது யாதெனில், தேய்ந்திருந்தது ராக் அன்று. அதைத் தாங்கும் சிறு புஷ் மாத்திரமே. முழு ராக்கின் விலையோடு ஒப்பிட்டால் புஷ்ஷின் விலை மிகச் சிறிய பங்கு. அன்று அவரிடம் நான் கேட்டறிந்தவற்றையும், பின்னர் வேறு வண்டிகளில் கண்டவற்றையும், பழைய கார் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்குப் பிரயோஜனப்படும் என்று கருதி இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்

நமது கிராமங்களில் இன்னும் ஓடும் பழைய கார்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரைத் தழுவி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்துவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் வருஷம் மே மாதம் நின்றது. மற்றொன்று மாருதி 800. 1983-ஆம் வருஷம் டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய இவ்வண்டியும் 2014-ஆம் வருஷ ஆரம்பத்திலேயே நிறுத்தப்பட்டது. எனவே இவ்விரண்டில் எதை ஒருவர் வைத்திருந்தாலும் அது பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி என்பது நிச்சயம்.

இவ்விரண்டிலும் ஸ்டியரிங் அமைப்பு ராக்கும் பினியனும் சேர்ந்தது. பிற்காலத்துச் சிறு கார்கள் பெரும்பாலானவற்றிலும் அப்படியே. உறுப்புக்களின் அமைப்பில் வண்டிக்கு வண்டி வேற்றுமை உண்டு, தத்துவம் ஒன்றே. பிரீமியர் பத்மினியிலும் பழைய ஜீப்புகளிலும் ராக் இல்லை. அவற்றில் ஸ்டியரிங் பெட்டி என்ற வேறு அமைப்பு இருக்கிறது. அவை வைத்திருப்போர் இக்கட்டுரையின் பரிசோதனைப் பகுதியை மாத்திரம் கவனித்தால் போதும்.

ராக்கும் புஷ்ஷும் செய்யும் வேலை

நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட இரும்புக் கம்பி ஒன்று இரண்டு வளையங்களுக்குள் இப்புறமும் அப்புறமும் நகருகிறது. ராக் என்பது அத்தகைய ஒரு கம்பியே. காரின் குறுக்காக, ஒரு குழாய்க்குள் அது படுத்திருக்கிறது. அதன் ஒரு பாதியில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள பினியன் என்ற சிறு பல் சக்கரம் அப்பற்களோடு பொருந்தியிருக்கிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பினியன் சுற்றுகிறது. ராக் பக்கவாட்டில் நகருகிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள டை ராடு என்ற தண்டுகள் முன் சக்கரங்களைத் திருப்புகின்றன.

இத்தாழ்ப்பாளைத் தாங்கும் இடங்களும் இரண்டு. பினியன் இருக்கும் பக்கத்தில், பினியனுக்கு எதிர்ப்புறமிருந்து ஒரு சிறு கட்டையும் ஸ்பிரிங்கும் ராக்கை அழுத்திப் பல்லோடு பல் பொருந்த வைக்கின்றன. அந்த ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகும், அது நகராதிருக்க ஒரு லாக் நட்டும் உண்டு. மறு பக்கத்தில் ராக்கைத் தாங்குவது புஷ். இது பெரும்பாலும் நைலான் போன்ற பொருளால் செய்த வளையம். இரும்போடு இரும்பு உராயாமலும், ராக் மேலும் கீழும் ஆடாமலும் பார்த்துக்கொள்வதே அதன் வேலை.

நம் தேசத்தில் ஸ்டியரிங் வலப்புறம் இருப்பதால் பினியனும் வலப்புறம் அமைகிறது. ஆகவே புஷ் இடப்புறம் வருகிறது. நாம் சாலையின் இடப்புறமாகச் செல்கிறோம். தார் உடைந்த ஓரத்தில் இறங்கி ஏறுவது இடப்புறச் சக்கரம். அவ்வதிர்ச்சி டை ராடு வழியாக நேரே புஷ்ஷுக்குச் செல்கிறது. பழைய வண்டிகளில் சத்தம் பெரும்பாலும் இடப்புறத்திலிருந்தே கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இவையன்றி வேறொரு வகைப் புஷ்ஷும் உண்டு. ராக் குழாயைக் காரின் உடலோடு பிடித்து நிறுத்தும் கிளாம்புகளுக்குள் ரப்பர் வளையங்கள் வைக்கப்பட்டிருக்கும். இவற்றையும் பட்டறைகளில் ராக் புஷ் என்றே அழைக்கின்றனர். உள் புஷ் வேறு, வெளி ரப்பர் புஷ் வேறு என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிவிட்டு, "மாற்றியும் சத்தம் போகவில்லை, இனி முழு ராக்கையும் மாற்ற வேண்டியதுதான்" என்று சொல்லப்படுவது உண்டு.

தேய்வதற்குக் காரணங்கள்

முதல் காரணம் வயது. ஆனால் வயதைவிட அதிகமாகக் கெடுப்பது மண்ணும் நீரும். ராக்கின் இரு முனைகளிலும் துருத்தி போன்ற ரப்பர் உறை ஒன்று மூடியிருக்கும். இது கிழிந்தால் செங்கம், போளூர் பக்கத்துச் செம்மண் தூசியும் மழைக் காலத்துச் சேற்று நீரும் உள்ளே புகுகின்றன. தூசி கிரீஸோடு கலந்தால் அரம் போல அராவும். நீர் தங்கினால் ராக்கின் வழவழப்பான மேற்பாகம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ராக் புதிய புஷ்ஷையும் சீக்கிரம் தின்றுவிடும். சிறிய உறை ஒன்று கிழிந்ததைக் கவனியாததால் பெரிய உறுப்புக்கள் நாசமாகின்றன.

இரண்டாவது, வண்டி நின்றபடியே ஸ்டியரிங்கைப் பலமாகத் திருப்பும் பழக்கம். சக்கரம் சற்றேனும் உருளும்போது திருப்பினால் பாரம் குறையும். மூன்றாவது, டயரில் காற்றுக் குறைவாக வைத்து ஓட்டுதல். நான்காவது, வேகத்தடைகளிலும் பள்ளங்களிலும் வேகத்தைக் குறைக்காமை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையைப் போன்ற வளைவு மிகுந்த பாதைகளில் அடிக்கடி செல்லும் வண்டிகளில் ராக் ஓயாமல் இரு புறமும் நகர்ந்துகொண்டிருப்பதால் தேய்மானம் விரைவாகும்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடித்தல்

சங்கத்தில் ரொக்க இருப்புக் குறைந்தால், எந்தப் பதிவில் தவறு என்று பாராமல் எல்லாப் புத்தகங்களையும் கிழித்துப் புதிதாக எழுத நாம் சம்மதிப்பதில்லை. வவுச்சரையும் பேரேட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தவறு இருக்கும் வரியைத் தேடுகிறோம். ஸ்டியரிங்கின் ஆட்டத்துக்கும் இதுவே முறை. கீழ்க்கண்ட பரிசோதனைகளுக்கு இரண்டு ஆட்கள் போதும்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்டு பிரேக் போடுக. ஸ்டியரிங் பூட்டு நீங்கும்படி சாவியைத் திருப்பி வைக்க. நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு மூன்று அங்குலம் இப்புறமும் அப்புறமும் விரைவாக அசைக்க வேண்டும். மற்றவர் முன்புறமிருந்து ராக் குழாயைக் கவனிக்க வேண்டும். குழாயே பக்கவாட்டில் நகருமானால் வெளி ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது கிளாம்பின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன.

2. குழாய் அசையாமல் நின்றால், இடப்புறத்து ரப்பர் உறையை ஒட்டி டை ராடைக் கையால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க. ரப்பர் உறைக்குள் ராக்கின் முனையே டக்கென்று மேலும் கீழும் தட்டுமானால் உள் புஷ் தேய்ந்திருக்கிறது. ராக் நிலையாக இருந்து டை ராடு மாத்திரம் ஆடுமானால் குற்றம் உள் பால் ஜாயிண்டில். வலப்புறத்திலும் இவ்வாறே பார்க்க. அங்கே ராக்கே ஆடினால் ஸ்பிரிங் கட்டையின் பக்கம் சந்தேகிக்க வேண்டும்.

3. முதல் பரிசோதனையைப் போலவே ஸ்டியரிங்கை அசைக்கச் செய்து, சக்கரத்துக்கு அருகிலுள்ள டை ராடு முனையில் விரலை வைத்துப் பார்க்க. அங்கே தட்டு உணரப்பட்டால் வெளி பால் ஜாயிண்டு தேய்ந்தது. ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள இணைப்பையும் இவ்வாறே பார்க்க.

4. ஜாக்கியால் முன் சக்கரத்தைத் தூக்கி, வண்டியின் கீழ் ஸ்டாண்டு வைத்தபின், சக்கரத்தின் மேற்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் இருந்தால் சக்கரத்தின் பேரிங்கிலோ கீழ் பால் ஜாயிண்டிலோ குற்றம் உண்டு. ராக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவும் செய்யக் கால் மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் எந்த உறுப்பையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புஷ் தேய்ந்த மாத்திரத்தில் கார் உடனே கவிழ்ந்துவிடாது. சத்தமும் தள்ளாட்டமும் வரும். டயர் ஒழுங்கின்றித் தேயும். அபாயம் எங்கே என்றால், புஷ்ஷின் சத்தத்துக்குப் பழகிய காது பால் ஜாயிண்டின் சத்தத்தைப் பிரித்தறியாது. பால் ஜாயிண்டு கழன்றுவிட்டால் அச்சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. "பழைய வண்டி, சத்தம் வரத்தான் செய்யும்" என்று மாதக்கணக்கில் ஓட்டுவது இக்காரணத்தாலேயே பெரும் பிழை.

நட்டை முறுக்குவது பரிகாரமன்று

மேலே கூறிய அங்கத்தினரின் வண்டியில் முன்பு நடந்தது இதுவே. ஸ்பிரிங் கட்டையின் திருகை முறுக்கினால் ராக் பினியனோடு இறுகும், சத்தம் அடங்கும். சிறிது நேர வேலை, செலவும் இல்லை. ஆகையால் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு, செய்து கொடுப்பவர்களும் உண்டு. இதிலுள்ள தீங்கை விளக்குகிறேன்.

வண்டி பெரும்பாலும் நேராகவே செல்கிறது. ஆகவே ராக்கின் பற்களில் அதிகமாகத் தேய்வது நடுப்பகுதி. இரு ஓரங்களிலும் உள்ள பற்கள் புதியவை போலவே இருக்கும். தேய்ந்த நடுப்பகுதியின் ஆட்டம் போகுமளவு திருகை முறுக்கினால், வண்டி திரும்பும்போது தேயாத ஓரப் பற்கள் வந்து இறுகிக்கொள்ளும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் எத்தனை பேர் வெறுங்காலுடன் நடக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்நாட்களில் அங்கே வண்டிகளைத் தடுத்துவிடுகிறார்கள். ஆனால் மற்ற நாட்களிலும் நடப்பவர்கள் உண்டு. விளக்கில்லாத நம் ஊர்ச் சாலைகளிலும் குழந்தைகள் நடக்கிறார்கள். திரும்பாத ஸ்டியரிங்கின் பலனை அனுபவிப்பவர்கள் அவர்களே.

மேலும், திருகு பினியன் பக்கத்தில் இருக்கிறது; தேய்ந்த புஷ் மறு கோடியில் இருக்கிறது. ஒரு கோடியில் அழுத்துவதால் மறு கோடியின் குறை தீராது. மறைந்து மாத்திரம் இருக்கும்.

உள் புஷ் மாற்றும் முறை

இவ்வேலையைப் பழகிய மெக்கானிக்கிடமே விடுதல் உத்தமம். என்றாலும் வேலையின் ஒழுங்கை உடையவர் அறிந்திருந்தால், அருகில் நின்று கவனிக்கலாம். எந்தப் படி விடப்பட்டது என்று கேட்கலாம்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, இரு பக்கமும் உறுதியான இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ் ஒருவரும் படுக்கக்கூடாது. செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதும் கூடாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

சக்கரங்களையும் ஸ்டியரிங்கையும் நேராக வைத்து, தண்டும் பினியனும் சேரும் இடத்தில் பெயிண்டால் அடையாளம் இட வேண்டும். டை ராடு முனையின் லாக் நட்டு எத்தனை மரைக்கு அப்பால் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்பிளிட் பின்னை நீக்கி, நட்டைக் கழற்றி, பால் ஜாயிண்டைப் புல்லர் கொண்டு பிரிக்க வேண்டும். சம்மட்டியால் மரையின் தலையில் அடித்தால் மரை நசுங்கிப் புதிய செலவு வரும்.

தண்டின் போல்ட்டையும் கிளாம்புகளையும் கழற்றி ராக்கை முழுவதுமாக வெளியே எடுத்து, வெளிப்புறத்து மண்ணைத் துடைத்தபின்பே உள்ளே திறக்க வேண்டும். முதலில் ஸ்பிரிங் கட்டையின் லாக் நட்டு, திருகு, ஸ்பிரிங், கட்டை ஆகியவற்றை எடுத்து வரிசையாக ஒரு துணியின்மேல் வைக்க வேண்டும். பினியனின் எந்தப் பல் ராக்கின் எந்தப் பல்லோடு பொருந்தியிருந்தது என்று அடையாளமிட்டுப் பினியனை வெளியே எடுக்க வேண்டும். பின்னர் ரப்பர் உறைகளையும் டை ராடுகளையும் கழற்றினால் ராக் கம்பியை உருவிவிடலாம்.

இப்பொழுது செய்ய வேண்டியதே முக்கியமான பரிசோதனை. ராக் கம்பியை மண்ணெண்ணெயில் நன்றாகத் துடைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புஷ் உராயும் பாகம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் புஷ் மாற்றினால் போதும். அங்கே துருக் குழிகளோ நகத்தில் தட்டும் கோடுகளோ இருந்தால், அல்லது நடுப் பற்கள் வெளிப்படையாகத் தேய்ந்திருந்தால், புஷ் மாற்றுவது வீண். அப்பொழுது முழு ராக்கையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் கூறுவது நியாயமே. அதில் சிக்கனம் பார்க்கலாகாது. கம்பியைப் பார்க்காமலே கூறுவதைத்தான் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பழைய புஷ்ஷை நிறுத்தியிருக்கும் லாக் வளையம் இருந்தால் அதை நீக்கிப் புஷ்ஷை வெளியே இழுக்க வேண்டும். உள்ளே தங்கிய பழைய கிரீஸை முற்றிலும் துடைக்க வேண்டும். புதிய புஷ் அந்த வண்டிக்கே உரியதாக இருக்க வேண்டும். கடைசல் பட்டறையில் நைலான் கட்டையைக் கடைந்து போடுவோரும் உண்டு. அளவு சிறிது பெரிதானால் மீண்டும் ஆட்டம். சிறிது இறுகினால் ஸ்டியரிங் கனக்கும். உரிய புஷ் கிடைக்கும்வரை அதை நாடுதல் நலம். புஷ்ஷைக் கோணாமல் நேராக, அதன் விட்டத்துக்கு ஏற்ற குழாயை வைத்து மெல்லத் தட்டி, அதற்குரிய பள்ளத்தில் பொருந்தும்வரை செலுத்த வேண்டும்.

புஷ்ஷின் உட்புறத்திலும் ராக்கின் பற்களிலும் புதிய லித்தியம் கிரீஸைத் தடவ வேண்டும். ராக் கம்பியைப் பினியன் இருக்கும் பக்கத்திலிருந்து, பல் இல்லாத முனை முன்னே செல்லுமாறு நுழைக்க வேண்டும். மாற்றி நுழைத்தால் பற்கள் புதிய புஷ்ஷைச் சீவிவிடும். அன்றே பாதி ஆயுள் போய்விடும்.

அடையாளப்படி பினியனைப் பொருத்தி, ஸ்பிரிங் கட்டையின் திருகை அவ்வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு முறுக்கிப் பின் தளர்த்தி நிறுத்த வேண்டும். ராக்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நகர்த்திப் பார்க்க, எங்கும் பிடிப்பின்றி ஒரே சீராகச் செல்ல வேண்டும். எங்காவது பிடித்தால் திருகு அதிகம் முறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது ராக் நடுவில் தேய்ந்திருக்கிறது. திருகு சரியாயிருந்தும் பிடித்தால் அந்த ராக்கை வண்டியில் ஏற்றக்கூடாது.

லாக் வாஷர்களும் ஸ்பிளிட் பின்களும் புதியவையாக இருக்க வேண்டும். ஒரு முறை வளைத்த பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது காசை மிச்சப்படுத்தி உயிரை ஈடு வைப்பதாகும். ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதையும் இப்பொழுதே மாற்ற வேண்டும்.

வெளி ரப்பர் புஷ்

இது எளிய வேலை. பல வண்டிகளில் ராக்கைக் கழற்றாமலே, ஒவ்வொரு கிளாம்பாக நீக்கிப் பழைய ரப்பரை எடுத்துப் புதியதைப் பொருத்திவிடலாம். ரப்பர் உப்பி மெத்தென்று இருந்தால் எஞ்சின் எண்ணெய் அதன்மேல் ஒழுகுகிறது என்று அறியலாம். அவ்வொழுக்கை நிறுத்தாமல் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பொருத்தும்போது வழுக்குவதற்குச் சோப்பு நீரைத் தடவலாம். கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும். இரு புறத்துப் போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும்.

வேலை முடிந்தபின்

ராக்கை மாட்டியபின் வீல் அலைன்மெண்டு அவசியம் செய்ய வேண்டும். மரையை எண்ணி மாட்டியிருந்தாலும் சிறு பேதம் வரும். அதைக் கவனியாவிட்டால் புதிய டயரும் சில மாதங்களில் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். பின்பு ஆள் நடமாட்டமற்ற இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, இரு புறமும் முழுவதும் திருப்பி, ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். சில நாட்கள் ஓடியபின் போல்ட்டுகளின் இறுக்கத்தை ஒரு முறை சரிபார்ப்பது நலம்.

சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 வருஷம் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படியான ஏற்பாடு. பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முன்தினம் நட்டை முறுக்கிச் சத்தத்தை அடக்குவது அதிகாரியை ஏமாற்றுவதன்று. வண்டியில் ஏறும் தம் மக்களையே ஏமாற்றுவதாகும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

சென்னை மாகாணத்தில் முதல் கிராமக் கடன் சங்கம் 1904-ஆம் வருஷம் திரூரில் தோன்றியது, விவசாயி அநாவசியக் கடனில் ஆழாதிருக்கும் பொருட்டே. குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பதோடு, வேண்டாத கடனை வாங்காதபடி யோசனை கூறுவதும் சங்கத்தின் கடமை. வண்டி ரிப்பேருக்காக ஓர் அங்கத்தினர் நகையோடு வந்தால், காரியதரிசியும் பஞ்சாயத்தாரும் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்த உறுப்பில் ஆட்டம் என்று பரிசோதித்தாயிற்றா? பட்டறையில் எழுத்து மூலமாக மதிப்பீடு கொடுத்தார்களா? கழற்றும் பழைய உறுப்பைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்களா?

ஒரே ஊரில் நான்கைந்து பேர் பழைய வண்டிகள் வைத்திருந்தால், இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி, பால் ஜாயிண்டு புல்லர் ஒன்று, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு ஒன்று ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தனித்தனியே வாங்கினால் ஒவ்வொருவருக்கும் பாரம். சேர்ந்து வாங்கினால் ஒருவருக்கும் பாரமில்லை. எவர் எடுத்துச் சென்றார், எப்பொழுது திருப்பினார் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வருஷத்தில் இரு முறை, மழைக் காலத்துக்கு முன்னும் பின்னும், எல்லா வண்டிகளின் ரப்பர் உறைகளையும் ஒரே நாளில் பார்வையிட்டுவிடலாம்.

மேற்சொன்ன அங்கத்தினரின் வண்டியில் ராக் கம்பி வழவழப்பாகவே இருந்தது. உள் புஷ்ஷும், கிழிந்திருந்த இடப்புற ரப்பர் உறையும் மாற்றப்பட்டன. முறுக்கியிருந்த திருகு உரிய அளவுக்குத் தளர்த்தப்பட்டது. செலவைத் தம் கைப் பணத்திலேயே அவர் கொடுத்துவிட்டார். அடுத்த முறை நான் அச்சங்கத்துக்குச் சென்றபோது அவருடைய நகைக் கடன் மனுவை வாபஸ் பெற்றதாகக் கோப்பில் குறிப்பு இருந்தது. பழைய புஷ்ஷை அவர் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் காட்டினார். ஒரு பக்கம் காகிதம் போல் தேய்ந்திருந்த அவ்வளையத்தைக் காரியதரிசி வாங்கிச் சங்கத்தின் மேஜை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கிறார். கார் ரிப்பேர் என்று மனுவோடு வருகிறவர்களுக்கு அதை முதலில் எடுத்துக் காட்டுவதாகக் கூறினார்.